பள்ளியில் நல்ல சாப்பாடு போட எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கே போகிறது?

தூறல் எழுதியது:

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மதிய உணவுப் பட்டியலை மாற்றலாம் என்று பேச்சு நடக்கிறது. இறைச்சியைக் குறைப்பது, பயறு, காய்கறி, முழுதானியம் இவற்றைக் கூட்டுவது, பொட்டலத்தில் வரும் பண்டங்களை நிறுத்துவது, முடிந்த அளவு பக்கத்து விவசாயிகளிடமே வாங்குவது, இதுதான் திட்டம். பெற்றோர் குழுவில் நானும் இருக்கிறேன். கூட்டம் முழுவதும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றியே பேச்சு ஓடியது: தட்டுக்கு எவ்வளவு கூடும்? சிலர் ஒரு காசு கூடக் கூடாது என்றார்கள், சிலர் பிள்ளைகள் விஷயத்தில் காசு பார்க்கலாமா என்றார்கள். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

படித்த வரையில் இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. உலக உணவுத் திட்டம் 2025ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 46.6 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள், 2020ஐ விட ஏறக்குறைய 8 கோடி அதிகம். ஆண்டுச் செலவு 8,400 கோடி டாலர், அதில் 99 சதவீதம் அந்தந்த நாடுகளின் சொந்தப் பணம். இத்தனை அரசுகள் சொந்தக் கையிலிருந்து போடுகின்றன என்றால் ஏதோ கணக்குப் பார்த்துத்தானே போடும். அந்தக் கணக்குத் தெரிந்தவர்களும், முக்கியமாகப் பள்ளிச் சமையலறைப் பக்கம் வேலை செய்தவர்களும் எழுதுங்கள்.

ஒருவழிப்பாதை எழுதியது:

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது பெற்றவர்கள் வேலை. பள்ளியின் வேலை பாடம் சொல்லித் தருவது. முடியாத குடும்பங்களுக்குக் கொடுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முடிந்தவர்களுக்கும் சேர்த்துப் பொதுப் பணத்தில் சமைத்து, அதிலும் பிள்ளைகளுக்குப் பிடிக்காததாகப் பார்த்துச் சமைத்து, கடைசியில் குப்பையில் கொட்டுவது யாருக்கு நல்லது? ஏட்டில் சத்துள்ள உணவு என்று இருக்கும், தொட்டியில் போய்ப் பார்த்தால் பாதிக் காய்கறி அங்கே கிடக்கும்.

வரவுசெலவு எழுதியது:

தூறல், பலன் பற்றிச் சொல்லப்படும் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பள்ளி உணவை ஆதரிக்கிறவன் நான், அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு டாலர் போட்டால் 7 முதல் 35 டாலர் வரை திரும்பும் என்று ஓர் எண் எல்லா இடத்திலும் வருகிறது. அது வருமானம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள 14 நாடுகளை வைத்து 2020ல் வெளிவந்த ஆய்விலிருந்து எடுத்தது. 7க்கும் 35க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பலனில் மிகப் பெரும் பகுதி கல்வி வழியாக வருவது. சாப்பாடு இருப்பதால் பிள்ளை கூடுதல் நாட்கள் வருகிறது, வருவதால் கூடுதலாகக் கற்கிறது, கற்றதால் பெரியவனானதும் கூடுதலாகச் சம்பாதிக்கிறான் என்று ஒவ்வொரு படியாக மதிப்பிட்டுப் பெருக்கியது. அந்த நாட்டுக் கூலியாக எந்த எண்ணைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து விடை எக்கச்சக்கமாக மாறும். உடல்நலத்தால் வரும் பலன் அந்தக் கணக்கில் சிறிய பங்குதான். ஆகவே குழுக் கூட்டத்தில் 35 என்று சொல்லிவிடாதீர்கள், யாராவது ஒரு கேள்வி கேட்டால் மற்ற நியாயமும் சேர்ந்து அடிபடும்.

நடந்ததை வைத்துப் பார்த்த ஆய்வு வேண்டுமென்றால் ஸ்வீடனை எடுங்கள். 1959க்கும் 1969க்கும் இடையில் அங்கே ஒவ்வோர் ஊராக இலவசப் பள்ளி உணவு வந்தது. எல்லா ஊரிலும் ஒரே ஆண்டில் வராததால், முன்னால் கிடைத்த பிள்ளைகளையும் பின்னால் கிடைத்த பிள்ளைகளையும் ஒப்பிட முடிந்தது. தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் அந்த உணவைச் சாப்பிட்டவர்களுடைய வாழ்நாள் வருமானம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடியிருந்தது, உயரமும் கூடியிருந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அன்றைய ஸ்வீடனில் பட்டினி இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே, சாப்பாட்டின் தரம் மாறியதால் இது நடந்தது. சத்துள்ள உணவு என்பது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

அடுப்படி எழுதியது:

நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன், பல வருடமாக. தட்டுக்கு எவ்வளவு என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பொட்டலத்தில் வரும் பண்டத்துக்கு ஓர் ஆள் போதும். பிரிப்பது, சூடாக்குவது, தட்டில் வைப்பது, முடிந்தது. அதே இடத்தில் பயறும் காய்கறியும் என்று எழுதினால் என்ன ஆகும்? பயறை முந்தின நாளே கல் பார்த்து ஊறப்போட வேண்டும், காலையில் வேகவைக்க வேண்டும். காய்கறியைக் கழுவ வேண்டும், தோல் சீவ வேண்டும், வெட்ட வேண்டும். வீட்டில் நாலு பேருக்கு வெட்டுகிற வேலை இல்லை இது, நானூறு பேருக்கு. வந்ததிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் வெட்டிக்கொண்டே இருந்தாலும் போதாது. பாத்திரமும் கூடும், கழுவுகிற தண்ணீரும் கூடும்.

நான் முன்பு இருந்த ஓரிடத்தில் இப்படித்தான் பட்டியலை மாற்றினார்கள். மாற்றியவர்கள் நல்ல மனசோடுதான் மாற்றினார்கள். பொருள் வாங்கும் செலவு உண்மையில் கொஞ்சம் குறைந்தது, இறைச்சி குறைந்ததால். ஆள் மட்டும் கூட்டவில்லை. எங்களால் முடிந்தது என்ன? காயை எல்லாம் பெரிது பெரிதாக நறுக்கி ஒரே அண்டாவில் போட்டு விடியற்காலையிலேயே வேகவைத்து இறக்கிவிடுவோம், மதியம் வரை அது மூடியே கிடக்கும். நிறம் போய், குழைந்து, வாசம் மாறி. அதைப் பிள்ளை சாப்பிடுமா? சாப்பிடாது. அப்புறம் பிள்ளைகளுக்குக் காய்கறியே பிடிக்காது என்று கூட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். பிடிக்காமல் போனது காய் இல்லை, அது வெந்து கிடந்த விதம். ஒருவழிப்பாதை ஐயா சொல்கிற தொட்டியை நான்தான் தினமும் கழுவினேன், அதில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பணம் பொருளுக்குப் போகவில்லை, வேலை செய்கிற கைக்குப் போகிறது, போக வேண்டும். அதைக் கொடுக்காமல் பட்டியலை மட்டும் மாற்றினால் மாற்றாமலே இருக்கலாம்.

வரவுசெலவு எழுதியது:

அக்கா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்வீடனில் மூன்று பள்ளிகளில் நான்கு வாரத்துக்கான பட்டியலைக் கணினி வைத்துத் திருத்தி எழுதிப் பார்த்தார்கள். சத்தும் குறையக் கூடாது, பிள்ளைகளுக்குப் பழக்கமான உணவிலிருந்து ரொம்பவும் விலகக் கூடாது, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு மட்டும் குறைய வேண்டும் என்று. வெளியேற்றம் 40 சதவீதம் குறைந்தது, செலவும் 11 சதவீதம் குறைந்தது, வீணாவது கூடவில்லை, பிள்ளைகள் சாப்பிட்ட அளவும் குறையவில்லை. 2020ல் வெளிவந்த முடிவு.

அருமையான முடிவுதான். ஆனால் அந்த 11 சதவீதம் உணவுப் பொருள் விலையில் குறைந்தது. பயிற்சி பெற்ற சமையல்காரர்கள், முழு வசதியுள்ள சமையலறை, உட்கார்ந்து சாப்பிட இடம், இதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன, பல பத்தாண்டுகளாகப் பணம் போட்டுக் கட்டியவை. அடுப்பே சரியாக இல்லாத இடத்தில் அதே பட்டியலைக் கொண்டுபோய் மாட்டினால் அதே விடை வராது. ஆரோக்கிய உணவு மலிவு என்பதும் சரி, விலை கூடியது என்பதும் சரி. எந்தச் செலவை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லாமல் பேசுவதால்தான் சண்டை.

ஜப்பான் இதைச் சட்டத்திலேயே பிரித்து எழுதியிருக்கிறது. 1954ல் வந்த பள்ளி மதிய உணவுச் சட்டப்படி சமையலறை, உபகரணம், ஊழியர் சம்பளம் எல்லாம் பள்ளியை நடத்தும் உள்ளாட்சி தரவேண்டும், பெற்றோர் தருவது பொருள் விலைக்கு. அந்தப் பங்கையும் இப்போது பல ஊர்களில் உள்ளாட்சியே ஏற்கிறது, அது தனிக் கதை. நான் சொல்ல வருவது, ஆள் செலவைத் தனியாக எழுதி வைத்தால் அதை யாரும் சத்தமில்லாமல் வெட்ட முடியாது. தட்டு விலைக்குள் போட்டு மூடினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

நிலாமுற்றம் எழுதியது:

முடியாதவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. அந்த வரிசையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அது எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. என் பள்ளியில் இலவசச் சீட்டு வேறு நிறம். பசித்தாலும் சில நாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டேன். பிள்ளை சாப்பிடாமல் இருந்த நாளுக்கும் கணக்கில் சேமிப்பு என்றுதானே எழுதியிருப்பார்கள்?

பின்லாந்து 1943லேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று சட்டம் போட்டது, போர் நடந்துகொண்டிருந்த நேரம், நாடு வறுமையில் இருந்தது. நடைமுறைக்கு வந்தது 1948ல். பணக்கார நாடாக ஆனபிறகு ஆரம்பிக்கவில்லை.

தென்கொரியாவில் இதே விவாதம் பெரிய அரசியலாகவே ஆனது. எல்லாருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா என்று 2011 ஆகஸ்டில் சியோலில் வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பேராவது வந்து வாக்களித்தால்தான் எண்ணுவார்கள், வந்தவர்கள் 25.7 சதவீதம். எல்லாருக்கும் இலவசம் என்பதை எதிர்த்து அந்த வாக்கெடுப்பைக் கொண்டுவந்த மேயர் ஓ சே-ஹூன் பதவி விலகினார். அதற்குப் பிறகு அங்கே எல்லாருக்கும் இலவசம், அதிலும் ரசாயனம் குறைந்த விளைபொருளாகப் பார்த்து வாங்குவது என்று சேர்த்தே கொண்டுபோனார்கள். இதில் எனக்குப் புரிவது ஒன்று. எல்லார் பிள்ளையும் அதே தட்டில் சாப்பிட்டால்தான் எல்லாப் பெற்றோரும் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஏழைப் பிள்ளைகள் மட்டும் சாப்பிடும் சாப்பாட்டின் தரத்தைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து பேச யார் இருக்கிறார்கள்?

ஒருவழிப்பாதை எழுதியது:

நிலாமுற்றம், சீட்டின் நிறம் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அப்படி நடக்கவே கூடாது, பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க வழி இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்ற என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. இங்கிலாந்தில் 2005ல் பெரிய பிரச்சாரம் நடத்தி உணவுப் பட்டியலை மாற்றினார்களே, 2006ல் ராதர்ஹாம் பக்கம் ஒரு பள்ளியில் என்ன நடந்தது? தாய்மார்கள் வேலிக்கு வெளியே நின்று பர்கரும் சிப்ஸும் உள்ளே கொடுத்தார்கள். மேலிருந்து திணித்தால் அப்படித்தான் ஆகும். சமையல் கைக்கு ஆள் போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

கரும்பலகை எழுதியது:

நான் ஆசிரியை. சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வைக்கு நிற்கிறவள். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

பிள்ளைகள் ஏன் மிச்சம் வைக்கிறார்கள் என்பதில் ருசி ஒரு காரணம். இன்னொன்று நேரம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அட்டவணையில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி என்று இருக்கும். அதில் வகுப்பிலிருந்து வருவது, கை கழுவுவது, வரிசையில் நிற்பது போக, கடைசியில் நிற்கும் பிள்ளை உட்காரும்போது என்ன மிச்சம் இருக்கும்? சின்ன வகுப்புப் பிள்ளைகள் மெல்லவே நேரம் எடுப்பவர்கள். அவசரத்தில் மாவுப் பண்டத்தை விழுங்கிவிட்டுக் காயை அப்படியே வைத்துவிட்டு ஓடும். அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களை விட முக்கிய உணவில் 13 சதவீதமும் காய்கறியில் 12 சதவீதமும் பாலில் 10 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே உணவு, அதே சமையல்.

இன்னொன்றும் அங்கேதான் பார்த்தார்கள். விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்த தொடக்கப் பள்ளிகளில் பழமும் காயும் சாப்பிட்ட அளவு 54 சதவீதம் கூடியது. சாப்பிட்டதும் விளையாடப் போகலாம் என்று இருந்தால் பிள்ளை மனசு மைதானத்தில் இருக்கும், தட்டில் இருக்காது. இதற்குச் செலவே கிடையாது, மணியை மாற்றி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்டவணையில் கைவைக்கப் பள்ளிகளுக்கு எவ்வளவு தயக்கம் என்று எனக்குத்தான் தெரியும்!

ஒருவழிப்பாதை நண்பரே, வீணாவது உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 2010ல் சட்டம் போட்டு, பள்ளி உணவில் பழமும் காயும் கூட வேண்டும் என்று 2012லிருந்து புதிய விதி வந்தது. பழம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் 23 சதவீதம் கூடினார்கள், காய்கறி சாப்பிட்ட அளவு 16 சதவீதம் கூடியது. ஆனாலும் காய்கறியில் 60 முதல் 75 சதவீதம் குப்பைக்குத்தான் போனது. எதிர்ப்பாளர்கள் இந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு விதியைத் தளர்த்தக் கேட்டார்கள். விதி வருவதற்கு முன்னாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் போய்க்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் வேலிப் பக்கம் நடந்தது உண்மை. அதே பிரச்சாரத்தில் கிரீனிச் பகுதியில் சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, உபகரணம் கொடுத்து, நிதானமாக மாற்றிய பள்ளிகளில் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் தேர்ச்சி கூடியது, உடம்பு சரியில்லை என்பது போன்ற காரணம் சொல்லி எடுக்கும் விடுப்பு 14 சதவீதம் குறைந்தது. ஒரே பிரச்சாரத்தில் இரண்டு விளைவு.

அடுப்படி எழுதியது:

டீச்சர் சொன்ன நேர விஷயம் நூற்றுக்கு நூறு. வரிசை நீளுவதற்கும் காரணம் பரிமாற ஆள் இல்லாததுதான்.

உழவன்மகள் எழுதியது:

பக்கத்து விவசாயிகளிடம் வாங்குவது பற்றி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்குக் காய்கறி கொடுத்தது.

பிரேசில்தான் இதில் எல்லாரும் காட்டும் உதாரணம். 2009ல் வந்த சட்டப்படி, மத்திய அரசு பள்ளி உணவுக்குத் தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம்தான் வாங்க வேண்டும். 2025ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து அதை 45ஆக உயர்த்தினார்கள். ஏறக்குறைய 4 கோடி மாணவர்கள் சாப்பிடுகிற திட்டம், அதனால் விவசாயிக்கு அது நிலையான சந்தை. விதைக்கும்போதே வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிவது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். சந்தையில் விலை இறங்கினால் பறித்த கூலிகூட வராமல் வயலிலேயே விட்ட வருடங்கள் எங்களுக்கு உண்டு.

ஆனால் சட்டத்தில் 30 என்று எழுதிவிட்டால் போதாது. நாங்கள் ஏன் நிறுத்தினோம் தெரியுமா? பணம் மாதக்கணக்கில் வராது. பெரிய கம்பெனி தாங்கும், எங்களால் முடியாது, அடுத்த விதைக்கு அந்தப் பணம்தான். அப்புறம், பட்டியலை வருடத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். இந்த வாரம் கீரை என்று இருக்கும், எங்களிடம் அந்த வாரம் பூசணி மலையாகக் கிடக்கும். பருவம் பார்த்து மாற்றிக்கொள்ளும் பட்டியல் இருந்தால்தான் உள்ளூர் வாங்குதல் நடக்கும். கீரை என்று எழுதாமல் அந்த வாரத்துப் பச்சைக் காய் என்று எழுதினால் எவ்வளவு சுலபம். பள்ளி விடுமுறை எப்போது என்று முன்னாடியே சொல்ல வேண்டும், விளைச்சலுக்கு விடுமுறை தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கே பாதகமாக இருந்தாலும். பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே அது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. உணவால் வரும் வெளியேற்றத்தில் வண்டியில் கொண்டுவரும் பங்கு பொதுவாகச் சின்னது. என்ன உணவு என்பதுதான் பெரிது. மாட்டிறைச்சிக்குப் பதிலாகப் பயறு வைத்தால் குறைவது, காய்கறியைப் பக்கத்து ஊரில் வாங்குவதால் குறைவதை விடப் பலமடங்கு. பக்கத்தில் வாங்கச் சொல்வதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன: விவசாயிக்கு வருமானம், காய் வாடாமல் வருவது, எங்கே விளைந்தது என்று பிள்ளைக்குத் தெரிவது. அந்தக் காரணங்களைச் சொல்லியே கேளுங்கள், அதுவே போதும்.

வரவுசெலவு எழுதியது:

உழவன்மகள், கடைசிப் பத்தியை அப்படியே கூட்டத்தில் வாசிக்கலாம்.

சூழல் கணக்கில் அடுப்பையும் சேர்க்க வேண்டும். உலகில் நிறையப் பள்ளிகளில் இன்றும் விறகுதான். பட்டியலில் பயறைக் கூட்டினால் வேகும் நேரம் கூடும், விறகும் கூடும். நல்ல அடுப்பு, பெரிய பிரஷர் குக்கர், இதெல்லாம் முதலில் பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் ஒரு முறைச் செலவு. தட்டு விலையில் எப்படிப் போடுவது என்று தெரியாததால் யாரும் கேட்பதே இல்லை.

அடுப்படி எழுதியது:

விறகடுப்பில் நின்றவர்களுக்கு அந்தப் புகை என்னவென்று தெரியும். நானும் ஆரம்பத்தில் நின்றிருக்கிறேன். மழைக்காலத்தில் ஈர விறகு, கண் எரிச்சல், ராத்திரி முழுக்க இருமல். பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான சாப்பாடு என்று சொல்கிற திட்டத்தில் சமைக்கிறவளின் நுரையீரல் எந்தக் கணக்கில் வருகிறது?

கரும்பலகை எழுதியது:

பாதுகாப்பும் ஒரு செலவுதான், அதையும் எழுத வேண்டும். 2013ல் இந்தியாவில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. பொருளைப் பூட்டி வைக்கத் தனி அறை, பொறுப்பான ஆள், பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்ப்பது, இவையெல்லாம் ஆடம்பரம் கிடையாது. ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் தலைமை ஆசிரியர் பொறுப்போடு சாப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் முறையாகவே இருக்கிறது. அங்கே 2005லிருந்து சத்துணவியல் ஆசிரியர் என்று தனிப் பதவியும் உண்டு, பட்டியல் போடுகிறவரே வகுப்புக்கும் வந்து பேசுவார். பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுவார்கள். தாங்கள் பரிமாறியதைத் தூக்கிப் போடப் பிள்ளைகளுக்கு மனம் வராது, என் வகுப்பில் சின்ன அளவில் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

நிலாமுற்றம் எழுதியது:

பலன் எப்போது வரும் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2021ல் இந்தியாவைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் பிற்காலத்தில் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் மேம்பட்டிருந்தது. பள்ளியில் சாப்பிட்டது ஒரு தலைமுறை, வளர்ந்தது அடுத்த தலைமுறை. அந்தப் பெண்கள் கூடுதல் காலம் படித்தார்கள், திருமணமும் முதல் பிள்ளையும் தள்ளிப்போனது, மருத்துவ வசதியைப் பயன்படுத்துவதும் கூடியது, எல்லாம் சேர்ந்துதான். எந்த நிதியாண்டு அறிக்கையில் இது வரும்? இந்த ஆண்டு போட்டேன், அடுத்த ஆண்டு எங்கே பலன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத செலவு இது.

ஒருவழிப்பாதை எழுதியது:

சரி. நீங்கள் எல்லாரும் சொன்னதைப் படித்தேன், பெற்றோர் பொறுப்பு என்ற என் நிலை மாறவில்லை, ஆனால் இப்போது என் கேள்வி வேறு. பள்ளியிடம் இருப்பது அளவான பணம். ஆள், அடுப்பு, விவசாயிக்கு நேரத்தில் பணம், பூட்டிய அறை, எல்லாமே வேண்டும் என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் காணாது. முதலில் எதற்குக் கொடுப்பீர்கள்?

அடுப்படி எழுதியது:

முதலில் ஓர் ஆள். இரண்டாவது கேள்வியே இல்லை. வெட்டவும் பரிமாறவும் ஒருவர் கூடுதலாக இருந்தால் பொட்டலம் தானாகக் குறையும், வரிசை குறையும், காய் கடைசி நேரத்தில் வேகும். அவருக்கு விடுமுறை மாதத்திலும் சம்பளம் வர வேண்டும், இல்லையென்றால் பழகியதும் வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்பவும் முதலிலிருந்து. வாரம் ஐந்து நாளையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். இரண்டு நாள் மாற்றுங்கள், கை பழகட்டும்.

வரவுசெலவு எழுதியது:

அக்காவோடு நான் ஒத்துப்போகிறேன், அதற்கு ஒரு பெரிய ஊரின் அனுபவமும் இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகராட்சி தன் சமையலறைகளில் இயற்கை வேளாண் பொருளை 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. இயற்கைப் பொருள் விலை கூடியது, இருந்தும் அன்றாட உணவு ஒதுக்கீட்டைக் கூட்டாமலே செய்தார்கள். பணத்தைப் போட்டது சமையல்காரர்களுக்குப் பயிற்சி தருவதில், 2007ல் அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பருவத்தில் கிடைப்பதை வாங்கு, இறைச்சியைக் குறை, அடியிலிருந்து நீயே சமை, வீணாக்காதே என்று கையும் பழக்கமும் மாறியதில் மிச்சமான பணம் பொருள் விலைக்குப் போனது. கைக்கு முதலில் கொடுத்தால் பொருளுக்கான பணத்தைக் கை மிச்சப்படுத்தித் தரும். வரிசையை மாற்றி, முதலில் பொருளுக்குக் கொடுத்துவிட்டுக் கைக்குப் பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் பிறகு வருவதில்லை.

தூறல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டுபோவது இது. பொருள் செலவையும் ஆள் செலவையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லப் போகிறேன். ஓர் ஆளைக் கூட்டி, இரண்டு நாள் பட்டியலை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்றும், விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ள முடியுமா என்றும் கேட்கப் போகிறேன். காய்கறிக்கு வாரப் பெயர் இல்லாமல் பருவத்துக்கு விடச் சொல்வேன். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வீணாவதை எடை போட்டு வைக்கலாம் என்று நினைக்கிறேன், வாதம் செய்வதை விட அது நல்லது. அடுப்படி அக்கா, எடை போடுவதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

அடுப்படி எழுதியது:

உண்டு. தட்டில் மிஞ்சியதையும் அண்டாவில் மிஞ்சியதையும் ஒன்றாகக் கொட்டி எடை போடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. அண்டாவில் மிஞ்சினால் எங்களுக்குத் தலைக்கணக்குச் சரியாக வரவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று முதல் பாடவேளை முடிவதற்குள் சமையலறைக்குச் சொல்லி அனுப்பினால் அது பாதிக்கு மேல் குறையும். தட்டில் மிஞ்சினால் சமையலைப் பாருங்கள், இல்லையென்றால் நேரத்தைப் பாருங்கள். காய்கறியைத் தனியாக எடை போடுங்கள். சின்ன வகுப்பு, பெரிய வகுப்பு என்று பிரித்து வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய கரண்டியால் வைத்துவிட்டு மிச்சம் வைக்கிறார்கள் என்று சொல்வது நிறைய இடத்தில் நடக்கிறது. மாற்றிய முதல் வாரத்து எடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், புதுச் சாப்பாட்டை முதல் தடவை பார்க்கும் பிள்ளை எப்போதும் ஒதுக்கத்தான் செய்யும்.